மூன்றாவது மூச்சு

"உங்கள் வீட்டில் மூன்று பேர் வசிப்பதாகத் தெரிகிறது. சரிதானா?"

ராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலையிலிருந்து வேலூர் திரும்பும் கம்பெனிப் பேருந்தில், இந்துமதியின் கைபேசியில் இப்படி ஒரு கேள்வி வந்து நின்றது. கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடப் போனவள், அனுப்பியது யார் என்று பார்த்துவிட்டு விரலை நிறுத்தினாள். கேட்டது அவள் வீட்டு மூச்சுப்பெட்டி.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவளும் அவள் கணவன் குணசீலனும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களில் அந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் உயிர் பிறக்கவில்லை. அதற்காகச் சுற்றிய கோயில்களையும் மருத்துவமனைகளையும் அவள் மறந்தே பல காலம் ஆகிறது.

மூச்சுப்பெட்டி என்பது ஜனங்கள் வைத்த பெயர். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமாக வேறு ஏதோ பெயர் உண்டு. வேலூர் வெயில் பங்குனியிலேயே நாற்பத்து நான்கு டிகிரியைத் தொட ஆரம்பித்த பிறகு, ஏசி உள்ள எல்லா வீட்டிலும் இதைப் பொருத்தியே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. சோப்பு டப்பா அளவில் சுவரில் உட்கார்ந்திருக்கும். அறையில் எத்தனை பேர் என்று அதன் முகப்பில் ஒரு சின்ன எண் தெரியும். உள்ளே ஒரு சின்ன ரேடார். அறையில் ஆள் இருந்தால் ஏசியையும் மின்விசிறியையும் ஓடவிடும், இல்லாவிட்டால் இரண்டையும் நிறுத்திவிடும். போர்வைக்குள் அசையாமல் தூங்கினாலும் மார்பு ஏறி இறங்குவதை வைத்துக் கண்டுபிடித்துவிடும். படம் பிடிக்காது, பேச்சைக் கேட்காது என்று உறுதி சொல்லித்தான் மாட்டினார்கள். வாரத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பும்; வேண்டுமானால் அறையின் அப்போதைய நிலையையும் கைபேசியில் பார்க்கலாம். மின் இணைப்பு இந்துமதியின் பெயரில் இருந்ததால் அறிக்கை அவளுக்கு வந்தது. ஆறு மாதத்தில் ஒருநாளும் அவள் அதைத் திறந்து பார்த்ததில்லை.

'இல்லை' என்பதைத் தொட்டாள். விவரம் விரிந்தது.

நபர் 3. திங்கள், புதன், வெள்ளி. பிற்பகல் 1.40 முதல் 4.10 வரை. படுக்கையறை. படுத்த நிலை. இதுவரை வந்த நாட்கள்: பத்தொன்பது.

அதற்குக் கீழே இன்னொரு வரி. நபர் 2 உடன் நபர் 3 இருக்கும்போது தேவைப்படும் குளிர்: 28 டிகிரி. நபர் 2 உடன் நபர் 1 இருக்கும்போது: 24 டிகிரி.

நபர் 2 குணசீலன். நபர் 1 அவள்.

அவளோடு ஓர் அறையில் இருந்தால் அவனுக்கு வேர்க்கிறது. வேறு யாரோடோ இருந்தால் நாலு டிகிரி கூடுதலாக இருந்தாலும் நிம்மதியாக இருக்கிறான். அந்தப் பேருந்தில் இந்துமதிக்குப் புரிந்தது இதுதான். பக்கத்து இருக்கைப் பெண் ஏதோ கேட்டாள். இந்துமதிக்குக் காதில் விழவில்லை.

தொழிற்சாலையில் அவள் தரச்சோதனைப் பிரிவில் மேற்பார்வையாளர். கையில் ஒரு ஷூவைக் கொடுத்தால் போதும், கோணிப்போன தையல்தான் முதலில் கண்ணில் படும். நேராகப் போன ஆயிரம் தையல் படாது. பதினெட்டு வருட வேலை அவள் கண்ணை அப்படிப் பழக்கியிருந்தது. வேலை மட்டும்தான் பழக்கியது என்றும் சொல்ல முடியாது.

பதினோரு வருடங்களுக்கு முன்பு அவள் தங்கை சாருமதி இதே வீட்டில் இரண்டு வருடம் தங்கியிருந்தாள். வேலூரிலேயே ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை வேலை. குணசீலனும் அவளும் காலையில் பேப்பரை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவார்கள், சிரிப்பார்கள். இந்துமதி அடுப்படியிலிருந்து அந்தச் சிரிப்பை எண்ணிக்கொண்டிருப்பாள். ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குணசீலன் கூடத்தில் நிற்கிறான். அவன் போட்டிருந்த சட்டையைக் கழற்றாமலே அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருக்கிறாள் சாருமதி. தைத்து முடித்ததும் குனிந்து, அவன் நெஞ்சருகே பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அன்று சாயங்காலமே சாருமதி பெட்டியோடு வெளியேறினாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்பதுதான் அக்கா தங்கையிடம் சொன்ன கடைசி வார்த்தை. குணசீலனிடம் 'ஏதோ எங்க வீட்டு விவகாரம்' என்று சொல்லி முடித்துவிட்டாள். சாருமதி காட்பாடிப் பக்கம் எங்கோ இருக்கிறாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்ற அளவில்தான் சேதி வரும். அதற்கு மேல் இந்துமதி விசாரித்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது குணசீலன் கடைசி வகுப்பை முடித்துவிட்டுக் கணினியை மூடிக்கொண்டிருந்தான். காலையிலும் மாலையிலும் இணையவழியில் கணக்கு டியூஷன் எடுப்பது அவன் தொழில். மாணவர்களின் நோட்டுகள் திருத்துவதற்குக் கூரியரில் வரும். மதியம் முழுக்க அவனுடைய நேரம்.

"யாராவது வந்தாங்களா?" என்று செருப்பைக் கழற்றியபடி கேட்டாள்.

"எப்போ?"

"சும்மா கேக்கறேன். இந்த வாரம்."

"கூரியர்காரன் வந்தான். வேற யார் வரப்போறா நம்ம வீட்டுக்கு?"

சொல்லிவிட்டு மடித்தே கிடந்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தான். அந்த ஒரு மடிப்பு போதுமானதாக இருந்தது அவளுக்கு. படுக்கையறைக்குப் போய்த் தலையணையை முகர்ந்து பார்த்தாள். உறை புதிதாகத் துவைத்தது. அவன் ஏன் தலையணை உறையைத் துவைக்க வேண்டும்? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கர்ச்சீப்பையாவது துவைத்திருப்பானா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குணசீலன் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரமாகப் பார்த்து, பெட்டி பழுது என்று சொல்லி ஆள் வரவழைத்தாள். வந்தவன் பெயர் தப்ரேஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, சுவரிலிருந்த பெட்டியோடு தன் கருவியை இணைத்துப் பார்த்தான்.

"பழுது ஒண்ணுமில்ல மேடம். நல்லாத்தான் ஓடுது."

"இல்லாத ஆள இருக்கறதா சொல்லுதுப்பா."

"மூணாவது ஆளா? இருக்காங்க மேடம். ஃபேன் காத்துல திரை ஆடினாக்கூட இது ஏமாறாது. உசுருள்ள மூச்சுக்கு ஒரு தாளம் இருக்கு. உங்களுக்கு ஒண்ணு, சாருக்கு ஒண்ணு. ரெண்டு மூணு தடவ வந்துட்டா ஆளையே ஞாபகம் வெச்சுக்கும். பேரு தெரியாது, அதனாலதான் நம்பர் போடுது."

இந்துமதி கதவைப் பார்த்துக்கொண்டாள். "ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லுமா?"

தப்ரேஸ் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்தக் கேள்வி அவனுக்குப் புதிதல்ல போலிருந்தது.

"அடிச்சு சொல்ல முடியாது மேடம். சின்ன உடம்பு. மூச்சு மேலோட்டமா, வேகமா இருக்கு. அவ்ளோதான் தெரியும்."

சின்ன உடம்பு. வேகமான மூச்சு. இந்துமதியின் மனம் அதற்கு உடனே ஓர் உருவம் கொடுத்தது. குணசீலனிடம் படிக்கும் பையன் ஒருவனின் அம்மா அடிக்கடி போன் செய்வாள், 'சார், சார்' என்று கொஞ்சுவாள். ஒல்லியானவள். முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது.

"இந்த மூணாவது ஆள எடுத்துட முடியுமா?"

"எடுக்கறதுன்னா?"

"கணக்குல வராம பண்றது."

"அதுக்கு ஒரு வசதி இருக்கு." அவள் கைபேசியை வாங்கிக் காட்டினான். நபர் எண்ணை அழுத்திப் பிடித்தால் 'இந்த மூச்சைக் கணக்கில் சேர்க்காதே' என்று ஒரு வரி வந்தது. "மொதல்ல நாய் பூனைக்காகத்தான் வெச்சாங்க. அப்புறம் நெறைய வீட்ல கேட்டாங்க, வேலை செய்ய வர்றவங்க தனியா ரூம பெருக்கிட்டு இருந்தா ஏசி ஓடுது, வேஸ்ட்டுன்னு. அவங்கள இதுல போட்டுட்டா அவங்க இருந்தாலும் பெட்டிக்கு ரூம் காலிதான்."

"அவங்க மனுஷங்க இல்லியா?"

"நானும் அதத்தான் மேடம் கேட்டேன். எங்கம்மா நாலு வீட்ல வேலை செஞ்சு என்னைப் படிக்க வெச்சாங்க. கம்பெனில சொன்னேன், சிரிச்சாங்க." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தவன் வாசலில் ஒரு கணம் நின்றான். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. சேர்க்காதேன்னு போட்ட ஆளு தனியா உள்ள இருந்தா ஏசியும் நின்னுடும், ஃபேனும் நின்னுடும். உங்க ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ. ஜன்னல வேற சீல் பண்ணியிருக்கு. அடுப்பு மாதிரி ஆயிடும்."

திங்கட்கிழமை முழுக்க இந்துமதி கைபேசியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். 1.43-க்கு மூன்றாவது மூச்சு வந்தது. 4.05-க்குப் போனது. இடையில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வெப்பநிலை இருபத்தெட்டு. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது குணசீலன் "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு அவள் நெற்றியைத் தொட வந்தான். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நேரே கேட்டுவிட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று பயம். சொல்லாதவரை சந்தேகம்தானே என்று ஒரு பக்கம் இருந்தது. சந்தேகத்தோடு வாழ அவளுக்குப் பழக்கமும் இருந்தது.

புதன்கிழமை மதியம் 1.41-க்கு மூன்று என்ற எண் திரையில் மினுங்கியபோது அதை அழுத்திப் பிடித்தாள். அந்த வரி வந்தது. தொட்டாள். மூன்று மறைந்தது. குணசீலன் அறையில் இருக்கிறவரை ஏசி ஓடத்தான் செய்யும், யாருக்கும் ஒரு கஷ்டமும் வராது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. தன் வீட்டில், தன் கட்டிலில், அந்த இன்னொருத்தி ஒரு மூச்சாகக்கூட எண்ணப்படக் கூடாது. அந்த எண் மறைந்ததில் நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு சுகம் பரவியது. நாலு நாளில் அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கைபேசி அதிர்ந்தது. நபர் 2 வெளியேறினார். அறையில் யாரும் இல்லை. குளிர்விப்பு நிறுத்தப்பட்டது.

கையிலிருந்த ஷூவை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். இரண்டு பேருமாக வெளியே போயிருக்கிறார்களா? அல்லது அவன் மட்டுமா? பெட்டி சொல்லாது. சொல்லக் கூடாது என்று சொன்னது அவள்தான்.

அறையின் சூடு ஏறத் தொடங்கியது. இருபத்தொன்பது. முப்பத்தொன்று. அடுத்த பெட்டி ஷூக்கள் வந்தன. ஒன்றில் அடிப்பகுதிப் பசை பிதுங்கியிருந்தது, தனியே எடுத்து வைத்தாள். முப்பத்து மூன்று. வெளியே அன்று நாற்பத்து நான்கு. அழுத்திப் பிடித்த இடத்தையே மறுபடி அழுத்திப் பிடித்தால் மூன்று திரும்பிவிடும். அதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது. விரல் திரைக்கு மேலேயே நின்றது.

'இருந்தா எழுந்து போகட்டுமே' என்று நினைத்தாள். பிற்பாடு எத்தனையோ விதமாகத் தன்னைத் தானே சமாதானப்படுத்திப் பார்த்தபோதும், இந்த ஒரு நினைப்பை மட்டும் அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்தபோது முப்பத்தேழு.

மூன்றரைக்குக் குணசீலன் கூப்பிட்டான்.

"இந்து, உடனே கெளம்பி ஆஸ்பத்திரிக்கு வா."

"உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. சாருவுக்கு."

"எந்த சாரு?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே குணசீலன் சட்டை முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான், திரும்ப உட்கார்ந்தான். பிறகு ஒரேயடியாகக் கொட்டினான். சாருமதிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ரத்தச் சுத்திகரிப்பு. அதற்கான மையம் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒன்றரை மாதத்துக்கு முன், ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் அவளைப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கக் கண்டான். சுத்திகரிப்பு முடிந்ததும் நிற்கக்கூடத் தெம்பிருக்காது. அந்த உச்சி வெயிலில் பேருந்து பிடித்துப் போனால், தகரம் போட்ட ஒற்றை அறை. தண்ணீரும் அளந்துதான் குடிக்க வேண்டும்.

"வெயில் தாழற வரைக்கும் நம்ம வீட்ல படுன்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன். வரமாட்டேன்னா. அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் சண்டைன்னா. தெரியாமப் பாத்துக்கறேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். நான் ஓரமா சேர் போட்டு நோட்டு திருத்திட்டு இருப்பேன். பாவம், டயாலிசிஸ் பண்ணின அன்னிக்கு அவளுக்குக் குளிர் தாங்காது இந்து. நடுங்குவா. அதனால இருபத்தெட்டுல வெப்பேன். எனக்கு வேர்த்து ஊத்தும்."

அந்த இருபத்தெட்டை இந்துமதி பேருந்திலேயே படித்திருந்தாள்.

"இன்னிக்கு ஃபைல மையத்துலயே விட்டுட்டு வந்துட்டா. எடுத்துட்டு வரலாம்னு போனேன். அங்க கூட்டம், ஒரு மணி நேரம் நிக்க வெச்சுட்டாங்க. திரும்பி வந்து பார்த்தா ரூம் கொதிக்குது. ஏசி எப்படி நின்னுச்சுன்னே தெரியல. அந்தப் பொட்டிதான் ஏதோ கோளாறு. நான் போயிருக்கவே கூடாது. கூடவே இருந்திருக்கணும்."

டாக்டர் வந்து பேசினார். இந்த நோயாளிகளுக்குச் சுத்திகரிப்பு முடிந்த கையோடு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், அந்த நிலையில் வெப்பம் தாக்கினால் இதயம் தாங்காது, இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். குணசீலன் தலையிலடித்துக்கொண்டான். அந்தக் கால் மணி நேரத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தவள் இந்துமதி.

மறுநாள் குணசீலன் பிடிவாதமாகத் தப்ரேஸை வரவழைத்தான். இந்துமதியும் வீட்டில் இருந்தாள். தப்ரேஸ் கருவியை இணைத்தான். திரையில் என்ன தெரிந்ததோ, மேலிருந்து மறுபடி ஒருமுறை படித்தான். பிறகு அவளை ஒரே ஒருமுறை பார்த்தான்.

"என்னப்பா கோளாறு?" என்றான் குணசீலன்.

"சென்சார்ல தூசி சார். தொடச்சுட்டேன்."

"ஒரு உசுரு போக இருந்துச்சே, தூசியாலயா?"

தப்ரேஸ் கருவியைப் பைக்குள் வைத்தான். படியிறங்கும்போது பின்னாலேயே வந்த இந்துமதியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "உங்களக் காப்பாத்தணும்னு தூசின்னு சொல்லல மேடம். எங்க அழுத்தணும்னு காட்டிக் கொடுத்தது நான். அது எழுத்துல வந்தா எனக்கு வேலை போயிடும். அவ்ளோதான். என் ஏரியால இருநூறு வீட்டுக்கு மேல 'சேர்க்காதே'ன்னு போட்டு வெச்சிருக்காங்க. எத்தன பேர் உள்ள இருக்காங்களோ." வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

அவள் மேலே வந்தாள். குணசீலன் படுக்கையறையில், சாருமதி படுத்திருந்த பக்கத்துப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தான்.

"தூசி இல்லீங்க. நான்தான்" என்றாள்.

கைபேசியை எடுத்துக் காட்டினாள். அறிக்கையையும், பொத்தான் தைத்த நாளையும், முப்பத்தேழு வரை பார்த்துக்கொண்டிருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தப் பொத்தானுக்காகவா அவள அனுப்புன?" என்றான் கடைசியில். "பதினோரு வருஷமா நான் உங்கப்பா வீட்டுத் தகராறுன்னு நெனச்சிட்டிருக்கேன்."

"ஏன் மறைச்சீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

"சொல்லியிருந்தா வரவிட்டிருப்பியா?"

அவன் போர்வையை அலமாரியில் வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பினான். அவளை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் தனியாக வேறு ஆட்டோ பிடித்துப் போனாள்.

நாலாம் நாள் சாருமதியைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். காலை பத்து மணி. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். குணசீலன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். பதினோரு வருடம் கழித்துத் தங்கையை இந்துமதி நேருக்கு நேராகப் பார்த்தாள். முடி பாதி நரைத்திருந்தது. கை குச்சியாக இருந்தது, அதில் ஊசி ஏற்றிய இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. சின்ன உடம்பு என்று தப்ரேஸ் சொன்னது இதைத்தான்.

"சாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஏசி…"

"தெரியும்க்கா."

"அவர் சொன்னாரா?"

"மாமா ஒண்ணும் சொல்லல. எனக்கே தெரியும்." சாருமதி இழுத்து இழுத்துப் பேசினாள். "அந்தப் பொட்டில ஒரு குட்டி நம்பர் தெரியுமில்ல? மாமா வெளிய போனா ஒண்ணுன்னு காட்டும். நான் அதப் பாத்துக்கிட்டே தூங்கிடுவேன். அன்னிக்கு சைபர்னு காட்டுச்சு. நான் படுத்திருக்கேன், கண்ண முழிச்சுப் பாத்துட்டிருக்கேன், சைபர்ங்குது. மாமாவுக்கு அதுல கை வெக்கத் தெரியாது. வேற யாரு?"

"அப்போ எழுந்து வெளிய வந்திருக்கலாமேடி! கதவு பூட்டலையே!"

"மொதல்ல எழுந்திருக்கத் தெம்பு இருந்துச்சுக்கா. எழுந்திருக்கல." சாருமதி விட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கக்காவுக்கு நான் அந்த அளவுக்கு வேணாம்னா, சரி, பாத்துடலாம்னு ஒரு பிடிவாதம். எனக்கு மட்டும் இருக்காதா? அப்புறம் நெனச்சப்ப கால் வரல."

இந்துமதி கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டு அழுதாள். இட்லி தின்றுகொண்டிருந்த கிழவி நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அழாத. இன்னொண்ணையும் கேட்டுக்கோ, அப்புறம் அழு" என்றாள் சாருமதி. "நீ அன்னிக்கு சந்தேகப்பட்டது முழுசா தப்பில்ல. மாமா மனசுல ஒண்ணும் கெடையாது. அந்தாளுக்கு ஒண்ணுமே தெரியாது, இன்னிவரைக்கும் தெரியாது. ஆனா எம்மனசுல இருந்துச்சு. அந்தப் பொத்தான நானே அறுத்தேன்."

வார்டில் யாரோ டம்ளரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. இந்துமதி கண்ணைத் துடைத்தாள். வலிக்கும் என்று நினைத்தாள், வலித்தது. ஆனால் அதோடு சேர்ந்து, பதினோரு வருடமாகத் தன்னையே பைத்தியக்காரி என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஒரு குரல் வாயடைத்துப் போனது. ஆயிரம் நேரான தையலுக்கு நடுவே அவள் கண்ணில் பட்ட அந்த ஒன்று நிஜமாகவே கோணல்தான்.

"இப்பவும் இருக்கா?" என்று கேட்டாள்.

சாருமதி சிரிக்க முயன்றாள். "இந்த உடம்ப வெச்சுக்கிட்டா? போக்கா."

அது இல்லை என்ற பதிலாகுமா என்று இந்துமதி யோசித்தாள். கேட்கவில்லை. கலைந்து கிடந்த தங்கையின் தலைமுடியை விரலால் கோதி, காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துச் சாருமதி மறுபடி சுத்திகரிப்புக்குப் போக ஆரம்பித்தாள். இந்துமதி தொழிற்சாலையில் நேரம் மாற்றி வாங்கினாள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஷிப்ட். ஒரு மணிக்கெல்லாம் மையத்தின் வாசலில் ஆட்டோவோடு நிற்பாள். குணசீலன் அவளோடு பேசினான், சாப்பிட்டான், ஆனால் பழையபடி ஆகவில்லை. எதையாவது சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொள்வான். அது சரியாக எத்தனை நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகாமலே போனாலும் போகலாம்.

முதல் நாள் தங்கையைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கொண்டுவந்து படுக்கையறையில் படுக்கவைத்தாள். பெட்டி தங்கையின் மூச்சையும் சேர்த்து இரண்டு என்று காட்டியதைப் பார்த்துவிட்டு, ஏசியை இருபத்தெட்டில் வைத்துப் போர்த்திவிட்டாள். குணசீலன் வழக்கம்போலத் தன் நாற்காலியையும் ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நாற்காலிய வெச்சுட்டு நீங்க ஹால்ல உக்காருங்க" என்றாள் இந்துமதி.

"ஹால்ல ஏசி இல்லையே."

"ஃபேன் இருக்குல்ல."

"நீ காலைலேர்ந்து நின்னுட்டு வந்திருக்க. போய்ப் படு. நான் பாத்துக்க மாட்டேனா?"

"எந்தங்கச்சிய நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

குணசீலன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் நோட்டுக் கட்டோடு வெளியே போனான். போர்வைக்குள் சாருமதியின் வயிறு குலுங்கியது.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லக்கா. கதவச் சாத்து."

இந்துமதி கதவைச் சாத்தினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.